கவனக்குறைவுக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய அறிக்கையின் வரைவை இரண்டு முறை படித்தேன். இரவு 8 மணிக்குத் தரவேண்டிய மாத்திரையைக் கையில் எடுத்த நேரத்தில் அடுத்த கட்டிலில் மணி அடித்ததும், அங்கே ஓடிப்போய்த் திரும்பிய நீ அதை மறந்து 10 மணிக்குத் தந்ததும், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் ஒழுங்காகவே இருக்கின்றன. கடைசி வரியில் மட்டும் இது உன் ‘நெக்லிஜென்ஸ்’ என்று எழுதியிருக்கிறாய். முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்த எனக்கு அந்தச் சொல்லைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

கவனக்குறைவு என்று தமிழில் நினைத்து, அகராதி காட்டியதை எழுதியிருப்பாய். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் நம் வீட்டில் அது கவனக்குறைவுதான். ஆங்கிலச் சொல்லுக்கோ நீதிமன்ற வாடை உண்டு. நீ இருக்கும் கிளாஸ்கோவுக்குப் பக்கத்து ஊரான பெய்ஸ்லியில், 1928-இல் டோனஹியூ என்ற பெண்மணி குடித்த ஜிஞ்சர் பியர் புட்டியிலிருந்து அழுகிய நத்தை விழுந்ததாகத் தொடுத்த வழக்கு அந்நாளில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை சென்று, முகம் தெரியாத நுகர்வோரிடமும் தயாரிப்பாளருக்குக் கடமை உண்டு என்று 1932-இல் தீர்ப்பானது. (நத்தை உண்மையில் இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை.) கடமை இருந்தது, அதை மீறினார், அதனால் தீங்கு விளைந்தது என்ற மூன்றையும் எடைபோட்டு நீதிமன்றம் சொல்லவேண்டிய சொல்லை, நீயே உன்மேல் ஏன் எழுதிக்கொள்கிறாய்?

உன் வேலைக்குப் பொருந்தும் பாகுபாட்டை ஜேம்ஸ் ரீசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1990-இல் எழுதினார். நினைத்தது சரி, கை வேறொன்றைச் செய்துவிட்டால் ‘ஸ்லிப்’. நினைத்தது சரி, நடுவில் மறந்துபோனால் ‘லாப்ஸ்’. நினைத்ததே பிழையானால் ‘மிஸ்டேக்’. ஒருமுறை எங்கள் அச்சுக்கோப்பாளர் 1947-ஐ 1974 என்று கோத்தார், அது ஸ்லிப். அதைக் கவனிக்காமல் நான் கையெழுத்திட்டது ‘ஓவர்சைட்’. கண்காணிப்புக்கும் கண் தவறியதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல் என்பது எங்கள் தொழிலுக்கென்றே செய்த கேலி போல இருக்கும். அந்த ஆண்டு 1974தான் என்று நம்பி நானே திருத்தியிருந்தால் மட்டுமே மிஸ்டேக். ‘ப்ளண்டர்’ என்பதை இந்தப் பக்கமே கொண்டுவராதே; சதுரங்கக் குறிப்பில் இரட்டைக் கேள்விக்குறி வாங்கும் நகர்த்தல் அது, ஆட்டத்தையே பறிகொடுப்பது.

உன்னுடையது லாப்ஸ். மறதி என்று ஒப்புக்கொள்வதில் மழுப்பல் ஏதும் இல்லை. ஆகவே அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, மணி அடித்ததால் வேலை இடையில் நின்றதையும், 10 மணிக்கு நினைவு வந்ததையும், உடனே யாரிடம் சொன்னாய் என்பதையும் எழுதி, நாளைக்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா