திட்டத்தில் செம்பு, கணினிக்குள் அலுமினியம்: வாட்டர் கூலிங் குறித்த புகார்

14 அக்டோபர் 2025

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
கேமிங் கணினிப் பிரிவு.

பொருள்: ஒப்புக்கொண்ட திட்டத்துக்கு மாறாகப் பொருத்தப்பட்ட ரேடியேட்டரையும் அதனால் கெட்டுப்போன பாகங்களையும் மாற்றித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த ஜூலையில் உங்களிடம் வாங்கிய கேமிங் கணினியின் வாட்டர் கூலிங் பற்றியது இந்தக் கடிதம். சிப்புகளின் சூட்டைத் தண்ணீரில் ஏற்றி, விசிறி வைத்த ரேடியேட்டர் வழியாக வெளியே விடும் அமைப்பு அது. உங்கள் கடைத் தம்பியிடம் வாட்ஸ்அப்பில் சொல்லிப் பார்த்தேன், நேரில் வந்தும் சொன்னேன். எல்லாம் வாய்ப்பேச்சாகவே போகிறது. அதனால் எழுத்தில் தருகிறேன். கடையில் நாம் பேசியதெல்லாம் தமிழில்தான் என்பதால் கடிதமும் தமிழிலேயே இருக்கிறது. ஆங்கிலப் பிரதி வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஏர்கான் துறையில். பெரிய கட்டடங்களில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. சூட்டைத் தண்ணீரில் ஏற்றி வேறு இடத்தில் இறக்கி வைப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆகவே, எல்லாம் ஒரே தொகுப்பாக, கடையில் ரெடியாகக் கிடைக்கும் ஏஐஓ கூலர் ஒன்றை மாட்டிக்கொண்டு போகாமல், முறையாகத் திட்டம் போட்டு லூப் (தண்ணீர் சுற்றிவரும் பாதை) அமைக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்டேன். அதற்கென்று தனியாக 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) திட்டக் கட்டணமும் வாங்கினீர்கள். மறுப்பே சொல்லாமல் கொடுத்தேன். டியூபை வெட்டுவதற்கு முன் காகிதத்தில் கணக்குப் போடுகிறவருக்குக் காசு கொடுப்பதில் எனக்கு எப்போதும் வருத்தம் இருந்ததில்லை.

திட்டம் போடும்போது பேசியதை நினைவூட்டுகிறேன். கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5090, அது மட்டும் 575 வாட். சிபியு (மையச் செயலி) ரைசன் 9 9950எக்ஸ்3டி, அதன் டிடிபி, அதாவது வெளியேற்ற வேண்டிய சூட்டுக்கான குறிப்பளவு, 170 வாட். இரண்டும் சேர்ந்தால் 745 வாட். விளையாடும்போது இரண்டும் ஒருசேர உச்சத்துக்குப் போவது அபூர்வம்தான், ஆனாலும் உச்சத்துக்குத்தான் திட்டம் போட வேண்டும் என்றேன். கணினி இருக்கும் அறையில் பெரும்பாலும் ஏர்கான் ஓடாது, பிற்பகலில் 31 டிகிரி இருக்கும் என்பதையும் சொன்னேன். வெளிநாட்டு யூடியூப்காரர்கள் 21 டிகிரி அறையில் உட்கார்ந்து காட்டும் எண்களை நம் ஊரில் எதிர்பார்க்க முடியாது. எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் தண்ணீர் அறைச் சூட்டுக்குக் கீழே இறங்காது.

உங்கள் தம்பியும் நன்றாகவே கணக்குப் போட்டார். 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றுக்கு, தண்ணீருக்கும் அறைக்கும் 10 டிகிரி வித்தியாசத்தில் தோராயமாக 100 வாட் போகும் என்ற வழக்கமான அளவையே எடுத்துக்கொண்டார். மூன்று விசிறி வைக்கும் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஆக ஆறு விசிறி. தண்ணீர் 43 டிகிரி வாக்கில் நிற்கும் என்று வந்தது. சரி என்றேன். அந்தத் தாளில் உங்கள் கடை முத்திரையோடு இருக்கும் வரி இது: “ரேடியேட்டர் 360 மிமீ x 2, முழுச் செம்பு.” அடுத்த வரி: “கீழ்மட்டத்தில் டிரெயின் வால்வு.” தண்ணீரை வடிக்கத் திறக்கும் குழாய்தான் அது. பிரதியை இணைத்திருக்கிறேன்.

எனக்குக் கொடுத்த கணினியில் பக்கவாட்டில் இருப்பது இரண்டு விசிறிக்கான 240. அதுவும் அலுமினியம். டிரெயின் வால்வு இல்லவே இல்லை.

அளவு குறைந்ததைப் பற்றி நான் பெரிதாகச் சண்டை போட வரவில்லை. ஆறு விசிறிக்குப் பதில் ஐந்து, தண்ணீர் 43க்குப் பதில் 46 டிகிரி. இந்த 3 டிகிரியில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 30 மில்லிமீட்டர் ரேடியேட்டர், 25 மில்லிமீட்டர் விசிறி, சேர்த்து 55 மில்லிமீட்டர் தடிமன் அந்த இடத்தில் கேபிளோடு முட்டுகிறது என்று ஒரு போன் செய்து சொல்லியிருந்தால் சரி என்றிருப்பேன். கேஸை அளந்து பார்க்கத்தானே 200 வெள்ளி வாங்கினீர்கள் என்று அப்போது மனதுக்குள் கேட்டிருப்பேன், அவ்வளவுதான். என்னால் ஏற்கவே முடியாதது உலோகம் மாறியது.

மேல் ரேடியேட்டர் செம்பு. சிபியுவின் மேலும் ஜிபியுவின் (கிராபிக்ஸ் சிப்பின்) மேலும் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்கு ஏற்றும் பிளாக்குகள் இரண்டும் நிக்கல் முலாம் பூசிய செம்பு. இவற்றோடு ஒரே தண்ணீரில் அலுமினியத்தைக் கொண்டுவந்து சேர்த்தால் என்ன ஆகும் என்பது எங்கள் தொழிலில் பயிற்சிக்கு வரும் பையனுக்குக்கூடத் தெரியும். அலுமினியத்தின் மின்முனை அழுத்தம் −1.66 வோல்ட், செம்புக்கு +0.34. இந்த எண் குறைவாக உள்ள உலோகம்தான் முதலில் கரையும். இரண்டும் உலோகத் தொடர்போடு ஒரே நீரில் இருந்தால் அது ஒரு பேட்டரி, அதில் கரைவது அலுமினியம். போதாக்குறைக்கு, தண்ணீரில் கலந்த செம்பு அயனிகள் அலுமினியத்தின் மேல் போய்ப் படிந்து அந்த இடத்தில் குழி பறிக்கும். ரேடியேட்டர் குழாயின் சுவர் மிக மெல்லியது. குழி எப்போது ஓட்டையாகும் என்று நாள் குறித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஓட்டையானால் தண்ணீர் சொட்டப்போவது 5090 கார்டின் மேல்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தண்ணீர் ஓடும் வேகத்தைக் காட்ட லூப்பில் நீங்கள் வைத்த சின்ன ஓட்டச் சக்கரம் ஆரம்பத்தில் சுற்றுவதே தெரியாத வேகத்தில் ஓடியது. ஆகஸ்டு கடைசியில் அதன் இதழ்களை எண்ணிவிடலாம் போல் ஆனது. தண்ணீர் 46 டிகிரியைத் தாண்டவில்லை, சிபியு மட்டும் 95ஐத் தொட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. தண்ணீர் அதே சூட்டில் இருக்க, சிப்புக்கும் தண்ணீருக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் குறை ரேடியேட்டரிலோ அறையிலோ இல்லை, பிளாக்குக்குள் அடைப்பு. சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் விட்டுப்போயிருக்கலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். பேஸ்ட் விட்டுப்போனால் ஓட்டச் சக்கரம் மெதுவாகாது.

இதைத் தம்பியிடம் சொன்னபோது வந்த வாட்ஸ்அப் பதில் இது: “சிங்கப்பூர் வெயிலுக்கு அப்படித்தான் அண்ணே இருக்கும். ஏர்கான் போட்டுட்டு விளையாடுங்க, சரியாயிரும்.” ஏர்கான்காரனிடமே இதைச் சொன்னதற்காக நான் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்துவிட்டேன். ஆனாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 745 வாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 2,540 பிடியு (ஏர்கானின் திறனை அளக்கும் சூட்டு அலகு). வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுப் படுக்கையறையில் சாதாரணமாக இருக்கும் 9,000 பிடியு ஏர்கானில் கால் பங்குக்கு மேல் இந்தக் கணினிக்கே போய்விடும். மின்கட்டணத்தை நான் கட்டி, அடைத்துக்கொண்ட பிளாக்கைக் குளிர வைக்க வேண்டுமா? அறையை 25 டிகிரிக்குக் கொண்டுவந்தாலும் அடைப்பு அடைப்புதான், அரிப்பும் நிற்காது.

அதன்பிறகு தம்பியே, “தண்ணிய மாத்திப் பாருங்க” என்று எழுதினார். அதுவும் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அவர் சொன்னபடிதான் வடித்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு “நீங்களே கை வைத்துக் கெடுத்தீர்கள்” என்ற பேச்சு வரக் கூடாது. டிரெயின் வால்வு இல்லாததால் கேஸைச் சாய்த்து, டியூபை இணைக்கும் ஒரு ஃபிட்டிங்கைக் கழற்றி, தரையெல்லாம் துணி விரித்து வடிக்க வேண்டியிருந்தது. கண்ணாடிபோல் தெளிவாக ஊற்றிய தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீராக வந்தது. ஃபிட்டிங் கழன்ற இடத்தில் 240 ரேடியேட்டரின் மரை வெள்ளை வெளேரென்று இருந்தது. மேல் ரேடியேட்டரில் அதே இடம் பித்தளை மஞ்சள். சிபியு பிளாக்கை நான் திறக்கவில்லை. அதன் மூடி அக்ரிலிக் என்பதால் டார்ச் அடித்தாலே உள்ளே தெரிகிறது. மெல்லிய தகடுகளின் நடுப்பகுதி முழுவதும் சாம்பல் கலந்த வெள்ளைக் கூழ். தண்ணீர் உள்ளே வரும் துளைக்கு நேர் கீழேதான் அதிகம். படங்கள் எடுத்து வைத்திருக்கிறேன், வடித்த தண்ணீரையும் போத்தலில் மூடி வைத்திருக்கிறேன்.

நேரில் வந்தபோது உங்கள் ஊழியர் சொன்ன நியாயம் இது: “ஏஐஓ கூலர்லயும் அலுமினிய ரேடியேட்டர், செம்பு பிளேட்தானே அண்ணே, அது வருசக்கணக்கா ஓடலையா?” ஓடுகிறது, உண்மைதான். அது தொழிற்சாலையில் மூடி முத்திரை வைத்து வருவது. அந்தத் திரவத்தில் அரிப்புத் தடுப்பான் கலந்திருக்கும். நீங்கள் ஊற்றியதோ காய்ச்சி வடித்த நீர், பாசி பிடிக்காமலிருக்க இரண்டு சொட்டு மருந்து. பில்லிலேயே அப்படித்தான் இருக்கிறது. தடுப்பான் ஒரு துளி இல்லை. முழுச் செம்பு லூப்புக்கு அந்தத் தண்ணீர் போதும் என்பதால்தான் நானும் அதற்குச் சம்மதித்தேன். செம்புக்கென்று தேர்ந்தெடுத்த தண்ணீரில் அலுமினியத்தை இறக்கியது உங்கள் பட்டறை.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கணினியைக் கையில் கொடுக்கும் முன் சோதித்தோம் என்று ஒரு தாள் கொடுத்தீர்கள். வெறும் விண்டோஸ் திரையைத் திறந்துவைத்து எடுத்த எண்கள் அதில் இருக்கின்றன. லூப்பில் இருக்கும் ஒரு லிட்டர் சொச்சம் தண்ணீர் சூடேறி ஒரு நிலையில் நிற்கவே முழுச் சுமையில் பல நிமிடங்கள் ஆகும். இந்தச் சோதனையில் என்ன தெரிந்துகொண்டீர்கள்?

குறை மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. டியூப் வளைத்தவரின் கைவேலை அருமை. எந்த ஃபிட்டிங்கிலும் கசிவில்லை. விளக்கு அலங்காரத்தைப் பற்றி வீட்டுக்கு வருபவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். அவரிடம் கொடுத்த பொருள்தான் தப்பு, கை தப்பில்லை.

நான் கேட்பது இதுதான். அலுமினிய ரேடியேட்டரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொருந்தும் அளவில் முழுச் செம்பு ரேடியேட்டர் போட வேண்டும். 360 பொருந்தாவிட்டால் 240 போதும், விலை வித்தியாசத்தைத் திருப்பித் தாருங்கள். சிபியு பிளாக் புதிதாக வேண்டும். கழுவிக் கொடுப்பதை ஏற்க மாட்டேன், தகடுகளில் நிக்கல் உரிந்திருப்பது படத்திலேயே தெரிகிறது. ஜிபியு பிளாக்கை என் முன்னால் திறந்து பாருங்கள். அதுவும் அப்படியே இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பம்ப், தொட்டி, மேல் ரேடியேட்டர் எல்லாவற்றையும் வெள்ளை வண்டல் போகும்வரை அலச வேண்டும். திட்டத்தில் எழுதியபடி டிரெயின் வால்வு வைக்க வேண்டும். முழுச் சுமையில் ஒரு மணி நேரமாவது ஓட்டி, தண்ணீர், சிபியு, ஜிபியு, அறை நான்கின் சூட்டையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பின்பற்றாத திட்டத்துக்கு வாங்கிய 200 வெள்ளியைத் திருப்பித் தர வேண்டும். கூலிக்கோ புதுத் தண்ணீருக்கோ என்னிடம் காசு கேட்கக் கூடாது.

“வாட்டர் கூலிங்குக்கு வாரண்டி இல்லை” என்று பில்லின் அடியில் சிறிய எழுத்தில் அச்சடித்திருப்பதைப் பார்த்தேன். இங்கே பேச்சு வாரண்டியைப் பற்றியதல்ல. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டத்தில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் ‘லெமன் லா’ விதிகளின்படி, பொருளைப் பெற்ற 6 மாதத்துக்குள் குறை தெரியவந்தால் அது கொடுக்கும்போதே இருந்த குறையாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது. முதலில் பழுதுபார்க்கவோ மாற்றவோ உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். அந்த வாய்ப்பைத்தான் இப்போது தருகிறேன். இம்மாத இறுதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன். அங்கும் முடியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது எடுத்துக்கொள்கிறது, வக்கீல் தேவையில்லை. என் கோரிக்கை அந்த வரம்பில் ஒரு மூலைக்குத்தான் வரும்.

கணினி இப்போது தண்ணீர் வடித்த நிலையில், மின் இணைப்பு இல்லாமல் இருக்கிறது. வேலை நாட்களில் மாலை 7 மணிக்கு மேல் நான் வீட்டில் இருப்பேன், உங்கள் ஆளை அனுப்பி எடுத்துச் செல்லலாம். கழற்றும் ரேடியேட்டரையும் பிளாக்குகளையும் வீசிவிடாமல் என்னிடமே திருப்பித் தர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்