செயலாளரின் ஏழாம் ஆண்டறிக்கை: இடது இறக்கையைத் திறந்த காரணமும் மற்றவையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சொந்தமாக விமானம் கட்டும் நம் சங்கத்தின் ஏழாம் ஆண்டறிக்கையை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன். இந்த ஆண்டு நிர்வாகக் குழு ஆறு முறை கூடியது. மாணவர்கள் இரண்டு தடவை வந்து கொட்டகையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். புதிய உறுப்பினர்களுக்கு ரிவெட், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணி, அடிக்கும் பயிற்சி ஒரு நாள் நடந்தது. கம்ப்ரஸர் பழுதாகிச் சரிசெய்யப்பட்டது. தீயணைப்பான்கள் மாற்றப்பட்டன.

இனி எல்லோரும் எதிர்பார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு ஆண்டுகளாக நாம் கையால் கட்டிய இரண்டு இருக்கை விமானம் இந்த ஆண்டு அனுமதி பெற்றுப் பறந்துவிட்டது. இந்த வரியை எழுதும்போது எனக்கு ஏற்படும் நிறைவை மறைக்க விரும்பவில்லை.

அனுமதி ஐந்து மாதம் தள்ளிப்போனதற்குச் செயலாளர்தான் காரணம் என்று சில உறுப்பினர்கள் பேசிக்கொள்வது என் காதுக்கு வந்தது. இடது இறக்கையைத் திறக்கச் சொன்னவன் நான்தான். ஏன் சொன்னேன் என்பது சங்கத்தின் பதிவில் இருக்க வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இறுதி ஆய்வுக்கு வந்த ஆய்வாளர் முதலில் விமானத்தைத் தொடவே இல்லை. மேசையில் உட்கார்ந்து கட்டுமானப் பதிவேட்டைத்தான் புரட்டினார். வலது இறக்கைக்கு 61 புகைப்படங்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் தேதி, செய்தவர் கையெழுத்து எல்லாம் சரி. இடது இறக்கைக்கு வந்தபோது, "கீழ்த் தகடு பொருத்திப் பார்த்தோம்" என்ற வரியோடு பக்கம் நின்றது. அடுத்த பதிவு மூன்று வாரம் கழித்து, ஃபிளாப் (இறக்கையின் பின் விளிம்பில் கீழே இறங்கும் மடல்) வேலை பற்றி. நடுவில் இறக்கையை மூடிவிட்டார்கள். மூடும் முன் உள்ளே என்ன நிலை, யார் பார்த்தார்கள், ஒரு படமாவது உண்டா? எதுவும் இல்லை. அந்த வேலையைச் செய்த உறுப்பினர் இப்போது வருவதில்லை, தொலைபேசியும் எடுப்பதில்லை. ஆய்வாளர் கோபப்படவில்லை. "நான் பார்க்கவில்லை, நீங்களும் காட்டவில்லை. எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலையே பல யோசனைகள் வந்தன. ஒரு உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிடலாம் என்றார்கள். பார்வைத் துளை வழியாகக் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தால் போதும் என்றார்கள். கேமராவை விட்டும் பார்த்தோம். ரிவெட்டுகள் தெரிந்தன. ஆனால் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடலான ஐலரானை இயக்கும் பெல்கிராங்கின் (அசைவின் திசையை மாற்றும் நெம்புகோல்) மறுபக்கம் எந்தத் துளையிலிருந்தும் தெரியவில்லை. அதன் பிறகுதான் திறந்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். குழுவின் ஒப்புதலைத் தொலைபேசியில் வாங்கிக்கொண்டேன், அடுத்த கூட்டத்தில் அது முறையாகப் பதிவும் ஆனது.

அடித்த ரிவெட்டைக் கழற்றுவது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். தலையின் நட்டநடுவில் புள்ளி வைக்க வேண்டும். துளையைவிட ஓர் அளவு சின்ன டிரில்லால், தலையின் ஆழம் வரைக்கும் மட்டுமே துளைக்க வேண்டும். அப்புறம் பஞ்ச் என்னும் இரும்புக் கருவியை வைத்துத் தலையை ஒடித்து, பின்பக்கம் முட்டுக் கொடுத்து மிச்சத்தைத் தட்டி வெளியே தள்ள வேண்டும். கை ஒரு நூல் நகர்ந்தாலும் தகட்டில் துளை பெரிதாகிவிடும். 212 ரிவெட்டுகளை எடுத்தோம். ஒன்பது துளைகள் மட்டும் பெரிதாகி, அடுத்த அளவு ரிவெட் போட வேண்டி வந்தது. ஏழு சனிக்கிழமைகள், நான்கே பேர்.

தகட்டைப் பிரித்ததும் உள்ளே கண்டதை நியாயமாகச் சொல்கிறேன். வேலை நன்றாகவே இருந்தது. விளிம்புகள் பிசிறில்லாமல் இருந்தன, பிரைமர் முழுமையாகப் பூசியிருந்தது. ரிவெட்டின் அடித்த முனைகளை அளந்தோம், அகலம் தண்டின் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி, அதாவது புத்தகத்தில் உள்ளபடியே. அந்த உறுப்பினரின் கை நல்ல கை. ஆனால் பெல்கிராங்கில் தள்ளுகோல் சேரும் இடத்தில் இருந்த போல்ட்டில் நைலான் வளையம் வைத்த லாக் நட்டு மாட்டியிருந்தது. வரைபடம் அங்கே கேட்பது பள்ளம் வெட்டிய நட்டு, அதற்குக் குறுக்கே, நட்டு சுழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின். அசையும் மூட்டில் போல்ட்டும் கூடவே சுழலக்கூடும் என்பதால், உராய்வை மட்டும் நம்பிப் பிடிக்கும் நட்டை அந்த இடத்தில் போடவே கூடாது. இறுக்கியதற்கு அடையாளமான வண்ணக் கோடும் அதில் இல்லை. தற்காலிகமாக மாட்டியதை மாற்ற மறந்திருக்கலாம். ஸ்பேனரை வைத்ததும் நட்டு தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. பல தடவை கழற்றி மாட்டியதில் நைலான் தேய்ந்துபோயிருந்தது.

அந்த போல்ட் கழன்றால் இடது ஐலரான் விமானியின் கையை விட்டுப் போய்விடும். அந்த நட்டை நான் கொட்டகைச் சுவரில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வருகிறவர்கள் பார்க்கட்டும்.

பதிவேடு விமானப் போக்குவரத்துத் துறையின் திருப்திக்காக எழுதுவது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சொந்தக் கட்டுமான விமானங்களுக்கு 51 சதவீத விதி என்று பெயர் பெற்ற ஒன்று உண்டு. வேலையின் பெரும்பகுதியைக் கட்டுபவர்கள் தாங்களே, கற்றுக்கொள்வதற்காகவும் ஆர்வத்துக்காகவும் செய்திருக்க வேண்டும். நம் துறை கேட்பதும் ஏறக்குறைய அதுதான். அதை நிரூபிக்க நம்மிடம் இருப்பது பதிவேடும் படங்களும் மட்டுமே. பிரிட்டனில் இலகு விமானச் சங்கத்தின் ஆய்வாளர், மூடும் முன்பே கட்டம் கட்டமாக வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். அந்தப் பழக்கம் நம்மிடமும் இருந்திருந்தால் ஏழு சனிக்கிழமைகள் மிச்சமாகியிருக்கும். இனி எந்தப் பகுதியை மூடுவதானாலும், வேலை செய்தவர் தவிர இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று குழு தீர்மானித்துள்ளது.

எரிபொருள் வால்வை இருக்கைக்குப் பின்னால் மாற்றினால் குழாய் நீளம் குறையும், விமானி அறையில் பெட்ரோல் வாடையும் வராது என்று ஒரு யோசனை வந்தது. நான் மறுத்தேன், அதிலும் சிலருக்கு வருத்தம். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் இறந்தது சொந்தக் கட்டுமான வகையைச் சேர்ந்த லாங்-ஈஸி விமானத்தில்தான். வரைபடத்தில் விமானியின் கால்களுக்கு நடுவே இருந்த எரிபொருள் மாற்றும் கைப்பிடியை, அந்த விமானத்தைக் கட்டியவர் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எட்டித் திருப்பக் கடினமான அந்த இடத்தையும், கைப்பிடியில் குறியீடு இல்லாததையும் விசாரணை அறிக்கை காரணங்களில் சேர்த்தது. டென்வர் அந்த விமானத்தை வாங்கியவர், கட்டியவர் அல்லர். நம் விமானத்திலும் நாளை வேறொருவர் உட்காருவார். வால்வு வரைபடத்தில் உள்ள இடத்திலேயே இருக்கிறது.

எடை பார்த்த நாள் எல்லோருக்கும் ஒரு பாடம். மூன்று சக்கரங்களுக்கும் அடியில் தராசு வைத்து, மூக்கைச் சமமாக்கி அளந்தோம். வெற்று எடை 338 கிலோ, நாம் கணக்கிட்டதைவிட 11 கிலோ கூடுதல். பெயின்ட், பிரைமர், கசிவை அடைக்கும் சீலன்ட் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. எடையைவிட எனக்குக் கவலை தந்தது ஈர்ப்பு மையம். இரண்டு பேர் உட்கார்ந்து பின்னால் சாமானும் வைத்தால் அது பின் எல்லையைத் தொட்டது. ஈர்ப்பு மையம் அளவுக்கு மீறிப் பின்னால் போன விமானம், இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் நிலையிலிருந்து மூக்கை எளிதில் கீழே இறக்காது. 6 கிலோ பேட்டரியை 2 மீட்டர் முன்னே, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தீத்தடுப்புச் சுவருக்குக் கொண்டுவந்தோம். வெற்று எடையில் மையம் மூன்றரை சென்டிமீட்டர் முன்னே வந்தது. அது போதுமானதாக இருந்தது.

எரிபொருள் ஓட்டச் சோதனையும் முதல் தடவை தேறவில்லை. ரோட்டாக்ஸ் 912 வரிசையைச் சேர்ந்த நம் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 27 லிட்டர் குடிக்கும். பம்ப் வைத்த அமைப்பில் அதைவிடக் கால் பங்கு கூடுதலாக வர வேண்டும். மூக்குச் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, விமானம் ஏறும் கோணத்தில் வைத்துப் பிடித்தபோது மணிக்கு 31 லிட்டர்தான் வந்தது. தொட்டியின் வாயில் இருந்த வலையில் சீலன்ட் துணுக்கு ஒன்று, அரிசி அளவுதான், ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் 44 லிட்டர் வந்தது.

அதன்பின் விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது. ஒரு தடவை எச்சரிக்கைப் பலகையின் எழுத்து அளவுக்காக, ஒரு தடவை எடைத் தாளில் ஒரு கையெழுத்துக்காக. மூன்றாம் முறை சிறப்பு அனுமதி கிடைத்தது.

முதல் பறப்பு 22 நிமிடம். நம் விமானி உறுப்பினர் தனியாகத்தான் பறந்தார், சோதனைக் கட்டத்தில் பயணிக்கு இடமில்லை. கிளம்பும் முன் அவர் கட்டுப்பாட்டுக் கம்பை இடப்பக்கம் சாய்த்து, இடது ஐலரான் மேலே எழுவதைக் கண்ணால் பார்த்து, வாய்விட்டும் சொன்னார். இணைப்பு தலைகீழாக மாறிப்போய் வீழ்ந்த விமானங்கள் உண்டு என்பதால் இதை ஒவ்வொரு தடவையும் செய்யச் சொல்லியிருக்கிறோம். ஓடுதளத்தின் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் தரையை விட்டது. நான் வேலி ஓரமாக நின்று இடது இறக்கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தவர் சொன்னது இரண்டே விஷயம்: இடது இறக்கை லேசாகக் கனக்கிறது, சிலிண்டர் சூடு கொஞ்சம் அதிகம். முதலாவதை ஐலரான் சரிக்கட்டலில் தீர்த்தோம். இரண்டாவதற்குக் காற்றுத் தடுப்புத் தகடுகளின் இடைவெளிகளை அடைத்தோம்.

இப்போது வருத்தமான பகுதி. முதல் பறப்பன்று 27 பேர் வந்தீர்கள், மகிழ்ச்சி. அதற்கு முந்தைய சனிக்கிழமை எஞ்சின் மூடியைக் கழற்றி ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்கக் கூப்பிட்டபோது வந்தது மூன்று பேர். பணிப் பட்டியலில் பெயர் கொடுத்தவர்கள் பதினான்கு. வேலை, குடும்பம், உடல்நிலை எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. வர முடியாவிட்டால் முந்தைய நாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரிவெட் அடிக்கும் காற்றுக் கருவியை (துப்பாக்கி என்போம்) பிடிக்க ஒருவர், பின்னால் இரும்பு முட்டு பிடிக்க ஒருவர் வேண்டும். ஒருவர் வராவிட்டால் மற்றவரின் நாளும் வீணாகிறது.

சந்தாவும் அதே கதைதான். 32 உறுப்பினர்களில் ஆண்டு முடியும்போது செலுத்தியிருந்தவர்கள் 19 பேர். சிலர் இரண்டாம் ஆண்டாகத் தரவில்லை. பெயர் படிக்கப்போவதில்லை. அவர்களில் இருவர் முதல் பறப்பன்று விமானத்தருகே நிற்கும் படத்தை நானே எடுத்துக் கொடுத்தேன்.

கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவைவிடச் செலவு சற்று மிகுதி. கொட்டகை வாடகையில் இரண்டு மாதம் நிற்கிறது. எஞ்சின் ஓவர்ஹாலுக்கென ஒதுக்கிய நிதியிலிருந்து ஒரு பகுதியை ரிவெட், தகடு, காப்பீடு ஆகியவற்றுக்கு எடுக்க நேர்ந்தது. குழுவுக்குத் தெரிவித்தே எடுத்தேன், அது திரும்ப வைக்கப்பட வேண்டிய பணம்.

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், இடம் தந்தவர்களுக்கும், கருவிகளை இரவல் கொடுத்தவர்களுக்கும், ஆய்வாளருக்கும் சங்கத்தின் நன்றி. இறக்கையைத் திறக்க ஏழு சனிக்கிழமையும் என்னோடு வந்த அந்த மூவருக்கு என் தனிப்பட்ட நன்றி. அவர்கள் வீட்டாருக்கும்தான்.

அடுத்த ஆண்டு பற்றி. அமெரிக்க விதியில், சான்று பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் ஜோடியாக இருந்தால் 25 மணி, இல்லையென்றால் 40 மணி சோதனைப் பறப்பு என்பது பழகிய அளவு. நமக்குக் கொடுத்த தாளிலும் 40 மணி என்றே இருக்கிறது. முடிந்தது 11 மணி 40 நிமிடம். மிச்சமுள்ள 28 மணி 20 நிமிடமும் சோதனைக்கு அனுமதித்த வட்டாரத்துக்குள், தனி விமானியோடு, ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் மூடியைக் கழற்றிப் பார்த்து, எழுதி முடிக்க வேண்டும். ஸ்டால் வேகங்களும் முழு எடையில் ஏறும் திறனும் இன்னும் அளக்கப்படவில்லை. அதுவரை யாரும் பக்கத்து இருக்கையில் உட்கார முடியாது. எப்போது கூட்டிப் போவீர்கள் என்று கேட்கிற எல்லோருக்கும் இதுவே பதில். தரையில் ஆள் இருந்தால் நான்கு மாதத்தில் முடிக்கலாம். இதே மூன்று பேர் என்றால் ஆண்டு முழுவதும் ஆகும்.

என் பதவிக்காலம் இந்தக் கூட்டத்தோடு முடிகிறது. வேறொருவர் முன்வந்தால் சாவியும் கோப்புகளும் தயாராக இருக்கின்றன, கூட இருந்து உதவுவேன். யாரும் வராவிட்டால், 40 மணி முடியும்வரை தொடர எனக்குச் சம்மதம். தரைப் பணிக்கு ஆறு பேர் பெயர் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே என் கோரிக்கை. பட்டியல் தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது. பக்கத்திலேயே சந்தா ரசீதுப் புத்தகமும் இருக்கிறது, பொருளாளர் கூட்டம் முடியும்வரை அங்கேதான் இருப்பார்.

அடுத்த பறப்பு வரும் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் கொட்டகை திறக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்