பசளை போட்டும் உயராத வேளாண்மை

ஆசிரியர் அவர்களுக்கு,

தம்பலகாமத்தில் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்பவன் நான். கடந்த பெரும்போகத்தில் என் வயலின் ஒரு மூலையில் பயிர் முழங்காலுக்கு மேல் வளரவில்லை. வரம்புக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு நிற்கிறது, இங்கே கரும்பச்சையாய்க் குறண்டிப்போய் நிற்கிறது. பசளை காணாது என்று நினைத்து இரண்டு முறை யூரியா எறிந்தேன். 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தியபோது பட்ட பாடு எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் பயிர் எதற்குக் கெட்டாலும் பசளை மேல்தான் முதலில் எண்ணம் போகிறது. பிறகு விதைநெல்லில்தான் பிழை என்று, நெல் தந்தவரோடு வாய்த்தர்க்கப்பட்டேன். அவரிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

உண்மையில் அது வைரசால் வரும் ஒரு குட்டை நோய், ஆங்கிலத்தில் 'ragged stunt' என்பார்கள். அதைக் காட்டித் தந்தவர் எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர். ஓர் இலையைப் பிடுங்கித் திருப்பி, அடிப்பக்கத்தில் பெருவிரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நரம்பு நெடுக நூல் வைத்துத் தைத்தது போல ஒரு தடிப்பு விரலில் தட்டுப்பட்டது. இலை விளிம்பு எலி கறித்தது போலப் பிய்ந்திருந்தது, நுனி முறுகிச் சுருண்டிருந்தது. அப்புறம் குனிந்து, தண்ணீருக்குச் சற்று மேலே தூரைத் தட்டினார். எள்ளைக் கொட்டியது போலக் கபில நிறப் பூச்சிகள் தண்ணீரில் விழுந்து துள்ளின. நமக்கெல்லாம் தெரிந்த அறக்கொட்டியான்தான்.

பயிரை வட்டம் வட்டமாக எரிக்கும் பூச்சி என்றுதான் அதை அறிந்திருக்கிறோம். இந்த வைரசையும் அது காவும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இந்த நோயை 1970களின் பிற்பகுதியில் இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்சிலும் கண்டறிந்தார்கள். இலங்கையிலும் அது பதிவாகியிருக்கிறது. நோயுள்ள பயிரில் சாறு உறிஞ்சிய பூச்சியின் உடம்புக்குள் வைரஸ் பெருகுகிறது. ஏறத்தாழ எட்டொன்பது நாள் கழித்து, போகிற பயிருக்கெல்லாம் அந்தப் பூச்சி நோயைக் கொடுக்கத் தொடங்கும், சாகும்வரை கொடுக்கும். ஆனால் முட்டை வழியாகக் குஞ்சுக்கு அது போவதில்லை, விதைநெல் வழியாகவும் பரவுவதில்லை. சரி, அப்படியானால் எங்கிருந்து வருகிறது? அறுத்தபின் விட்ட கட்டையில் துளிர்ப்பதிலிருந்தும், சிந்திய நெல் தானாய் முளைத்து நிற்பதிலிருந்தும், முன்னே விதைத்த பக்கத்து வயலிலிருந்தும்தான்.

நான் செய்த பெரிய பிழை மருந்தடித்தது. வைரசைக் கொல்ல மருந்து கிடையாது. கடையில் தந்ததை வாங்கி மேலாக விசிறினேன், பூச்சியோ தூரில் இருந்தது. செத்தது சிலந்திகளும், அறக்கொட்டியானின் முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் சிறு பச்சை நாவாய்ப்பூச்சிகளும். இரண்டு கிழமையில் பூச்சி முன்னையிலும் கூடிவிட்டது. அளவுக்கு மிஞ்சிய யூரியாவும் அதற்குத் துணை. அந்த மூலையில் பாதிக் கதிர் இலையுறையை விட்டு வெளிவராமல் குடலைக்குள்ளேயே நின்றது, வெளியே வந்தது பதர்.

இதே பூச்சி கொண்டுவரும் இன்னொரு வைரஸ் பயிரைப் புல்லுப் போல அளவுக்கு மீறிக் கிளைக்க வைக்கும். அதற்கு எதிர்ப்புத் தேடி, பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நெல் வகைகளைச் சோதித்தது. தாக்குப்பிடித்தது உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றுதான். அறக்கொட்டியானையே தாங்கும் குணம் நம் நாட்டுப் பழைய நெல்லான ரத்து ஹீனட்டியில் இருக்கிறது, வெளிநாட்டு ஆய்வாளர்களும் அதைக் கலப்புக்கு எடுக்கிறார்கள். அப்படித் தாங்கும் விதைநெல் எது, எங்கே கிடைக்கும் என்பதை விதைப்புக்கு முன்பே கமநல சேவை நிலையங்களில் எழுதிப் போட வேண்டும். விதைத்த பிறகு சொல்லிப் பயனில்லை.

இன்னொன்றையும் கேட்கிறேன். போக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியையும் விதைப்புத் திகதியையும் தீர்மானிக்கிறோம். ஆனால் ஒரே வாய்க்காலில் மூன்று நான்கு கிழமை முன்பின்னாகவே விதைக்கிறோம். முன்னே விதைத்தவரின் பயிர் முற்றியதும், நீண்ட இறக்கையுள்ள பூச்சிகள் பின்னே விதைத்தவரின் இளம்பயிருக்குப் பறக்கின்றன. தனியொருவர் தன் வயலைச் சுத்தமாக வைத்திருந்து இதைத் தடுக்க முடியாது. ஆகவே விதைப்புத் திகதியோடு, கட்டையை உழுது புரட்டி முடிக்கும் திகதியையும் அதே கூட்டத்தில் குறிக்க வேண்டும். தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானைமார் வாய்க்கால் வாய்க்காலாக அதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வாய்க்காலில் பதினொரு பேர் இதற்குச் சம்மதித்துவிட்டோம். மேல் வாய்க்காலில் உள்ளவர்களும் அதே கிழமையில் உழுதால்தான் எங்கள் உழவுக்குப் பலன் இருக்கும். சிறுபோகக் கூட்டத்துக்கு முன் இக்கடிதத்தைப் பிரசுரித்தால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
விவசாயி ஒருவர்,
தம்பலகாமம், திருகோணமலை