கதிரை இறக்க வந்த தம்பிக்கு நன்றி

வெள்ளிக்கிழமை பின்னேரம் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக்கு வாடகைக் கதிரை இறக்க வந்த தம்பிக்குத்தான் இந்தப் பதிவு. மறுநாள் அப்பாவின் திவசம், வீடு நிறையச் சொந்தக்காரர், அந்த நேரம் பார்த்துக் கிணற்று மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை. மாமி வாளியும் கயிறும் தேடத் தொடங்கிவிட்டார்.

சத்தத்தைக் கேட்டதுமே அந்தத் தம்பி, "அக்கா, உடனே நிப்பாட்டுங்கோ, தண்ணி இல்லாமல் ஓடினால் சீல் பழுதாப்போகும்" என்றார். குழாயை மேலே இழுத்துப் பார்த்தால், தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கிற அடி வால்வில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, அதன் மூடி திறந்தபடியே இறுகி நிற்கிறது, குழாயில் நின்ற தண்ணீரெல்லாம் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே போயிருக்கிறது. யாழ்ப்பாணத்து நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், இங்கே கிணற்றுத் தண்ணீர் அப்படித்தான் படியும். வினாகிரியில் ஊறவிட்டு, பழைய பிரஸ்ஸால் பொறுமையாகத் தேய்த்து, மோட்டருக்குள் தண்ணீர் நிரப்பிக் காற்றை எடுத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடச் சொன்னார். இருட்ட முதல் தாங்கி நிரம்பிவிட்டது.

காசை நீட்டினால், "திவச வீட்டிலை வாங்கமாட்டன் அக்கா" என்று தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். கதிரை எடுக்க வேறொருவர்தான் வந்தார். தம்பி, இதைப் பார்த்தால் ஒருநாள் கட்டாயம் வீட்டுக்கு வாங்கோ, அம்மா சாப்பிட வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மிக்க நன்றி.