மூடுபனியையும் பாடத்தில் சேருங்கள்: ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வண்டி ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

கிளட்சை எந்த இடத்தில் விட வேண்டும், ஏற்றத்தில் நின்ற வண்டியைப் பின்னால் உருளவிடாமல் எப்படி எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் உங்களைப் போன்ற ஒருவர்தான் எனக்குப் பொறுமையாகச் சொல்லித்தந்தார். அந்த நன்றி இன்றும் இருக்கிறது. ஆனால் பனிமூட்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

உரிமம் வாங்கிச் சில மாதங்களில், ஒரு விடியற்காலை, மூடுபனிக்குள் மாட்டிக்கொண்டேன். முதல் வேலையாக ஹை பீமைப் போட்டேன். எதிரே வெள்ளைச் சுவர் எழும்பிவிட்டது. அப்புறம் முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டதும் பெரிய நிம்மதி. அதைத் தவறவிடக் கூடாதென்று ஒட்டியே போனேன். லாரி திடீரென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது நடுவில் ஒரு முழம்தான் மிச்சம். செய்த இரண்டுமே தப்பு. முன்பே யாராவது சொல்லியிருந்தால் நிச்சயம் கேட்டிருப்பேன்.

உங்களால் பனியை வரவழைக்க முடியாது, சரி. ஆனால் பனியில் உயிர் காக்கும் பழக்கத்தை வெயில் நாளிலேயே கற்றுத்தரலாம். அது தூரத்தைக் கணிக்கிற பழக்கம். மாணவர்களைச் சாலையோரம் நிறுத்தி, 50 மீட்டர் எதுவரை என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள். அவர்களையே நடந்து அளக்கச் சொல்லுங்கள். பிறகு கணக்குக்கு வாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடும். ஆபத்தைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்தால், அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விட்டது. ஈரச் சாலையில் வண்டி நிற்க இன்னொரு 25 மீட்டருக்கு மேலும் ஆகலாம். பார்வை 50 மீட்டர்தான் என்றால், குறுக்கே நிற்கும் வண்டி கண்ணில் படும்போதே காரியம் கைமீறிவிடுகிறது. அதுவே 40இல் போனால் ஏறக்குறைய 30 மீட்டரில் நின்றுவிடலாம்.

கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம். இந்த ஒன்று மனதில் பதிந்தால் மற்றவை தானாக வரும். ஜெர்மனியின் சாலை விதி இதை எளிமையாக்கியிருக்கிறது: பார்வை 50 மீட்டருக்குக் குறைந்தால் வேகம் 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அங்கே சாலையோரக் குறிக்கம்பங்களும் பெரும்பாலும் 50 மீட்டருக்கு ஒன்றாக நிற்பதால், எத்தனை கம்பம் தெரிகிறது என்று பார்த்தே முடிவெடுக்கலாம்.

வேகத்தைக் கண்ணால் கணிக்காதே, ஸ்பீடோமீட்டரைப் பார் என்றும் சொல்லிக்கொடுங்கள். பனியில் ஓட்டுநர்கள் தங்கள் வேகத்தைக் குறைவாக உணர்கிறார்கள் என்று 1998இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. பனியின் தன்மையை இன்னும் சரியாகப் போலச்செய்து பார்த்தபோது அதிகமாக உணர்கிறார்கள் என்று 2012இல் வேறோர் ஆய்வு சொன்னது. எப்படியானாலும் முள் காட்டுவதுதான் கணக்கு.

ஹை பீம் ஏன் கூடாது என்பதையும் காரணத்தோடு சொல்லுங்கள். பனி என்பது நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். அதில் பட்டுச் சிதறும் வெளிச்சத்தில் ஒரு பகுதி நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. லோ பீம் கீழ்நோக்கிச் சாலையில் விழுகிறது. தாழ்வாகப் பொருத்திய ஃபாக் லைட் இன்னும் நல்லது. மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்று நம்ப வேண்டாம். ஒளியின் அலைநீளத்தைவிட அந்தத் துளிகள் பல மடங்கு பெரியவை, அதனால் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும்.

நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டே ஓட்டும் வழக்கத்தையும் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வண்டி நிற்கிறதா, போகிறதா, திரும்பப் போகிறதா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. அது நிறுத்திய வண்டிக்கான விளக்கு.

நிறுத்துவது எங்கே என்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். 1990 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஐ-75 நெடுஞ்சாலையில், பனிக்குள் 99 வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே பனியை உணரும் கருவிகளும், மாறும் வேக அறிவிப்புகளும், நுழைவழியை மூடும் தடுப்புகளும் வந்தன. பயந்துபோய்ச் சாலையிலேயே வண்டியை நிறுத்தினால் பின்னால் வருகிறவர் மோதுவார். சாலையை விட்டு முழுவதும் விலகி நிறுத்த வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, நாலு இண்டிகேட்டரை மட்டும் எரியவிட வேண்டும். பின்விளக்கு எரிந்தால், அன்று நான் லாரியைத் தொடர்ந்த மாதிரி யாராவது அதைப் பிடித்துக்கொண்டு நேரே வந்துவிடுவார்கள்.

இதற்கெல்லாம் ஒரு மணி நேரம் போதும். பயிற்சியின் கடைசி நாளில் வைத்தாலும் பரவாயில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்குத் தனியாகப் பணம் கேட்டிருந்தால்கூட நான் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவரிடம் கற்றுக்கொண்ட மாணவன்