மல்லிகாவுக்கு, கோத்தகிரியிலிருந்து

கோத்தகிரி
தை 5

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தள்ளிப்போனதற்குப் பேரன்தான் காரணம், அவன் கதையைக் கீழே சொல்கிறேன். வர்க்கி கேட்டிருந்தாயே, அடுத்த வாரம் தம்பி சென்னை வருகிறான், இரண்டு பாக்கெட் கொடுத்தனுப்புகிறேன். ஒன்றை உன் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துக்கொள்.

இங்கே பனி கடுமை. ஊட்டியில் விடிகாலையில் புல்வெளி உப்பைக் கொட்டினாற்போல் கிடக்கிறதாம். எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை, பள்ளத்துக் கேரட் தோட்டங்களில் மட்டும் வெள்ளை படிகிறது. ஆனால் காற்றில் ஈரமே இல்லை. குதிகால் வெடித்து ராத்திரி போர்வை நூலில் மாட்டிக்கொள்கிறது. விளக்கெண்ணெய் தடவி சாக்ஸ் போட்டுப் படுக்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மகள் வாங்கிக் கொடுத்த ராத்திரி கிரீமில் மெலடோனின் இருக்கிறது, அது தூக்க ஹார்மோன்தானே, முகத்தில் பூசினால் மங்கு மறையுமா என்று கேட்டிருக்கிறாய். இருபத்தாறு வருஷமாக ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்க்கிறவள் என்னிடம் மருந்து யோசனை கேட்பது வேடிக்கைதான். ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்தியவளிடம், மூளைக்குள் இருந்து மெலடோனினைச் சுரக்கும் பீனியல் சுரப்பியைப் பற்றிக் கேட்டுவிட்டாய், இனி நான் நிறுத்த மாட்டேன்.

இந்த ஹார்மோனின் கதையே தோலில்தான் தொடங்குகிறது. 1917-ல் மெக்கார்ட், ஆலன் என்ற இரண்டு பேர் மாட்டு மூளையிலிருந்து எடுத்த பீனியல் சுரப்பியைத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கறுப்பாக நீந்திக்கொண்டிருந்தவை கொஞ்ச நேரத்தில் உள்ளே குடல் தெரிகிற அளவுக்கு வெளுத்துவிட்டன. நாற்பது வருஷம் கழித்து, யேல் பல்கலைக்கழகத்தில் ஆரோன் லெர்னர் என்ற தோல் மருத்துவர் அந்த இழையைப் பிடித்துக்கொண்டார். வெண்புள்ளி மாதிரியான நிறக் கோளாறுகளுக்கு இதில் ஏதாவது வழி கிடைக்குமா என்பது அவர் எண்ணம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாட்டுச் சுரப்பிகளை வரவழைத்து, கரைத்து, வடித்து, 1958-ல் துளியூண்டு பொருளைப் பிரித்தெடுத்தார். தோலுக்குக் கறுப்பு தரும் மெலனின் என்ற பேரில் பாதியும், செரடோனின் என்ற இன்னொரு உடல் வேதிப்பொருளின் பேரில் பாதியும் எடுத்து மெலடோனின் என்று பேர் வைத்தார். தோலைத் தேடிப் போன மனிதர் கையில் ராத்திரி அகப்பட்டது என்று வகுப்பில் சொல்வேன். பின் வரிசைப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

இதைக் கேட்டதும் உனக்கு ஆசை வந்திருக்கும். தலைப்பிரட்டை வெளுத்தால் என் முகம் வெளுக்காதா என்று. வெளுக்காது. தவளையின் நிறச்செல்லுக்குள் கருந்துகள்கள் பரவிக் கிடக்கும், மெலடோனின் பட்டதும் எல்லாம் நடுவில் போய்க் குவிந்துகொள்ளும். வாசலில் காயப்போட்ட மிளகாயை மழைக்குப் பயந்து ஒரு மூலையில் கூட்டி அள்ளுவது மாதிரி. நமக்கு அந்த ஏற்பாடே கிடையாது. நம் நிறச்செல்கள் மெலனினைத் தயாரித்து மேல்தோல் செல்களுக்குள் இறக்கிவிடுகின்றன. இறங்கிப் பரவியதை யார் கூட்டி அள்ளுவது? ஆகவே ‘மெலா’ என்ற பேரைப் பார்த்து மங்குக்கு மருந்து என்று எவராவது விற்றால் நம்பாதே.

அதற்காக கிரீமைத் தூக்கி எறி என்றும் சொல்ல மாட்டேன். ஒரு விஷயம் எனக்கே வேலையை விட்ட பிறகுதான் தெரிந்தது. மெலடோனினை மூளை மட்டும் செய்வதில்லை, தோலும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளும் தோல் செல்களில் இருக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டதும் செல்லுக்குள் பொறி மாதிரி தெறிக்கும் ஆக்சிஜன் துணுக்குகளை இது அணைக்கிறதாம். ஆட்களின் தோலில் பூசியும் சோதித்திருக்கிறார்கள். கதிர் படுவதற்கு முன்னால் பூசினால் சிவப்பு குறைகிறது, பட்ட பிறகு பூசினால் பலனில்லை. இப்போது உன் டப்பாவை யோசித்துப் பார். பகல் வெயிலுக்கு முன்னால் பூச வேண்டியதை ராத்திரி படுக்கும்போது பூசச் சொல்லி விற்கிறார்கள்! ராத்திரி என்ற சொல்லுக்குத்தான் பாதி விலை போல.

வெயில் என்றதும் இந்த மலையின் ஏமாற்று ஒன்று ஞாபகம் வருகிறது. குளிராக இருப்பதால் வெயில் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர். கடலோரத்தில் வியர்த்துக்கொண்டு நிற்கும் உன்னைவிட, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கும் எனக்குக் கதிர் அதிகம். கொழுந்து பறிக்கும் பெண்களின் கன்னத்து மங்கைப் பார்த்தாலே தெரியும். தலையில் துண்டு இருக்கும், கன்னம் திறந்தே கிடக்கும். மே மாதம் நீ வந்தால் குடை இல்லாமல் கோடநாடு காட்சிமுனைக்கு அழைத்துப்போக மாட்டேன்.

இனி பேரன் கதை. ஆறு வயதாகிறது, முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்னாலும் கரப்பான், எக்ஸிமா என்கிறார்களே அந்தத் தோல் அரிப்பு. பகலெல்லாம் விளையாட்டில் மறந்துபோகிறான். ராத்திரி பதினொரு மணிக்குத் தொடங்கும் பார், சரக் சரக்கென்று. மறுநாள் விரிப்பில் பொட்டுப் பொட்டாக ரத்தம். நகத்தை ஒட்ட வெட்டி, கையில் பருத்திச் சாக்ஸை மாட்டி, நானும் மருமகளும் முறை வைத்து உட்கார்ந்தோம். ராத்திரிதான் தோலிலிருந்து நீர் அதிகம் கசிகிறது, தோல் சூடேறுகிறது, வீக்கத்தை அடக்கி வைக்கும் கார்ட்டிசாலும் அப்போதுதான் குறைவு. அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் தோலை இன்னும் கெடுக்கிறது.

தைவானில் இப்படிக் கரப்பான் உள்ள 48 பிள்ளைகளுக்குத் தினம் 3 மில்லிகிராம் மெலடோனினை நான்கு வாரமும், மருந்தில்லாத வெறும் மாத்திரையை இன்னொரு நான்கு வாரமும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2016-ல் வெளியானது. மெலடோனின் சாப்பிட்டபோது தோலும் ஓரளவு தேறியது, பிள்ளைகள் இருபது நிமிடத்துக்கு மேல் சீக்கிரமாகத் தூங்கவும் செய்தார்கள். இதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் சிரித்துவிட்டு, “நல்ல ஆராய்ச்சிதான் டீச்சர், ஆனால் 48 பேர்தானே. முதலில் குளித்த ஈரத்தோடு களிம்பைத் தாராளமாகப் பூசுங்கள், கம்பளியைத் தோலில் படவிடாதீர்கள்” என்றார். அப்படியே செய்கிறோம். மூன்று நாளாகச் சரக் சத்தம் இல்லை.

மாத்திரை விஷயத்தில் அவர் தயங்கியது சரிதான். 2017-ல் கனடாவில் கடைகளில் விற்கும் 31 மெலடோனின் சரக்குகளைச் சோதித்தார்கள். லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாக ஒன்றில், 478 சதவீதம் கூடுதலாக இன்னொன்றில். உன் வீட்டுக்காரர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் இல்லையா, அவரை இதன் பக்கமே விடாதே. அதனோடு இது ஒத்துப்போகாமல் போகலாம்.

என்னைக் கேட்டால் டப்பாவைவிட விளக்கைப் பார் என்பேன். நமக்குள்ளேயே சுரக்கிற மெலடோனின் படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் எட்டிப்பார்த்து, நள்ளிரவு தாண்டி இரண்டு மூன்று மணி வாக்கில் உச்சத்துக்குப் போகும். வெளிச்சம் பட்டால், அதிலும் நீலம் கலந்த வெளிச்சம் பட்டால், அது வருவதே தள்ளிப்போகும். கூடத்தில் எரியும் சாதாரண விளக்கே போதும், மெலடோனின் சுரக்கும் நேரத்தில் சுமார் 90 நிமிடத்தைக் குறைத்துவிடுகிறது என்று அளந்திருக்கிறார்கள். போன வருஷம் எங்கள் தெருவிளக்கை மாற்றி வெள்ளை எல்.இ.டி. போட்டார்கள். நேரே என் ஜன்னலில் அடிக்கிறது, சுவரில் மாட்டிய காலண்டரின் ராகுகாலத்தைப் படுத்துக்கொண்டே படிக்கலாம். மனு கொடுத்தேன், பதில் இல்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் இருந்தபோது போர்த்திய பழைய கறுப்புக் கம்பளியை ஜன்னலில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். பார்க்க அசிங்கம்தான். அன்றைக்கு ஐந்தரை வரை தூங்கினேன், பல மாதத்துக்குப் பிறகு.

உனக்கு அதைவிடக் கஷ்டம். விடிய விடிய வார்டில் ட்யூப்லைட், காலையில் பஸ்ஸில் முகத்துக்கு நேரே வெயில், அப்புறம் பகல் தூக்கம். ராத்திரி என்று உடம்பு எதைத்தான் நம்பும்? டூட்டி முடிந்து வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வா, மற்ற சிஸ்டர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். படுக்கிற அறைக்கு கனமான திரை தை. போனைக் கூடத்தில் வை. முகத்துக்கு வெயில் கிரீமும் துப்பட்டாவும் பகலில். உன் ராத்திரி டப்பா தீரும்வரை பூசு, மகள் ஆசையாக வாங்கியது. மங்கு குறையாவிட்டால் தோல் டாக்டரிடம் காட்டு, என்னிடம் கேட்காதே.

தம்பி செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு உங்கள் பக்கம் வருவான். நீ அப்போதுதான் கண் அசந்திருப்பாய். வர்க்கியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். மணி அடிக்க மாட்டான்.

உன்
சரோஜா