ஆட்சேபம் பொதுவில் இருக்கட்டும், ஆதார் எண் எதற்கு?

ஆசிரியருக்கு,

டெல்டாவில் நஞ்சை நிலங்களை மனைகளாக்குவதற்கு எதிரான ஆட்சேப மனுக்கள் பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். விசாரணை ஒளிவுமறைவின்றி நடக்க வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால், திறந்திருக்க வேண்டியது ஆட்சேபத்தின் காரணம்தான். ஆட்சேபித்தவரின் ஆதார் எண்ணும் செல்பேசி எண்ணும் அல்ல. எங்கள் ஊர் வடிகால் வாய்க்காலை ஒட்டிய வயல்களை மனைப்பிரிவாக்க முயன்றபோது நானும் மனு கொடுத்தேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஆதார் நகல், சிட்டா எல்லாவற்றையும் சேர்த்துக் குண்டூசி குத்துவது நமக்குப் பழகிவிட்டதே! நான்காம் நாள் மனைத் தரகர் ஒருவர் அழைத்தார். என் சர்வே எண்ணைச் சரியாகச் சொல்லி, "உங்க நிலத்துக்கும் நல்ல விலை தர்றோம் ஐயா, மனுவை மட்டும் வாபஸ் வாங்கிடுங்க" என்றார். மிரட்டல் என்று சொல்ல முடியாது. ஆனாலும், என்னோடு கையெழுத்திட்ட குத்தகை விவசாயிகள் இருவர் அடுத்த விசாரணைக்கு வரவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. தபால் வாங்கும் மேசை வரை அவை இன்னும் வந்து சேரவில்லை. மனுவை இரு தாள்களாக வாங்கலாம். பெயர், ஊர், காரணம் உள்ள தாளை எதிர்த்தரப்புக்குத் தரட்டும். தொடர்பு எண்ணும் அடையாளச் சான்றும் உள்ள தாள் அலுவலகக் கோப்போடு நிற்கட்டும். ஆதார் அவசியமெனில் கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் நகலே போதும்.

- ஒரு விவசாயி, திருவாரூர் மாவட்டம்